வலையில் தொங்கிய துண்டு

டெல்னிட்சா
2 பிப்ரவரி 1994

அன்புள்ள ஹெடி,

கையெழுத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்திருக்கும். தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடாதே, கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கிழி. நான்தான், டொம்னிகா. ஐம்பது வயதாகிறது, முட்டி இரண்டும் போய்விட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் முகவரியை உங்கள் சர்ச் பாதிரியாரிடம் வாங்கினேன். மனுஷன் லேசில் கொடுக்கவில்லை. "எதுக்கும்மா?" என்றார். "சாமி, நாங்க ரெண்டு பேரும் ஒரே தறி வரிசையில வேலை பார்த்து, ஒரே அணியில ஆடினவங்க" என்றேன். "அதான் கேக்கறேன், எதுக்கு?" என்றார். ஊரில் ஜெர்மன்காரர்களே எழுபது பேர்தான் மிச்சம், அவருக்கு மட்டும் ராங்கி குறையவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் நூற்பாலை அரங்கத்தின் கூரை இடிந்து நாலு வருடமாகப் பூட்டிக் கிடந்ததை இப்போது சரிசெய்துவிட்டார்கள். மே 14, சனிக்கிழமை திறப்பு விழா. ஐரோப்பிய ஹேண்ட்பால் கோப்பையில் நாம் வியன்னா இறுதி ஆட்டம் வரை போன அந்த சீசனுக்கு இந்த வருடம் இருபத்தைந்து. நுழைவாயில் சுவர் முழுக்க நம் அணியின் படம் மாட்டப்போகிறார்கள். கேப்டன் என்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நீ வர வேண்டும் ஹெடி. நீ இல்லாமல் அந்தச் சுவரில் நான் எப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்?

போன வாரம் அரங்கத்துக்குள் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு வாசம் அடித்தது. ஆனால் உடை மாற்றும் அறையில் மூக்கை வைத்தால் நம் கோச் மோயிசேயின் பிசின் வாசம் இன்னும் வருகிறது, சத்தியமாக. பைன் மரப் பிசினைப் பன்றிக் கொழுப்போடு சேர்த்து அந்தப் பழைய ஜாம் டப்பாவில் கிண்டுவாரே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளங்கையில் தடவினால் பந்து பசை போட்ட மாதிரி ஒட்டும். ஒற்றைக் கையால் தூக்கிச் சுழற்றலாம். சோப்பு போட்டாலும் போகாது, தறியில் நூலெல்லாம் விரலோடு வரும், ஃபோர்மன் திட்டுவான்.

கோல்கீப்பர் கையில் மட்டும் அது படவே கூடாது என்பது மோயிசேயின் சட்டம். "அவ கை சுத்தமா இருந்தாத்தான்டி பந்து அவ நினைச்ச நேரத்துல கையை விட்டுப் போகும். சீசன் முடியற வரைக்கும் எவளாவது ஹெடி கையைத் தொட்டீங்க, தோலை உரிச்சுடுவேன்" என்பார். மேட்ச் இல்லாத நாளிலும் அதேதான். பிறந்தநாளா, முழங்கையால் இடி. ஜெயித்தோமா, முழங்கையால் இடி. அந்த ஜனவரியில் உன் அப்பாவின் அடக்கத்துக்கு வந்தபோதுகூட வரிசையாக வந்து முழங்கையை நீட்டினோமே! பாதிரியார் முறைத்த முறைப்பு! நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

எத்தனை கிறுக்கு நாட்கள். டச்சுக்காரிகளை இங்கே வைத்து விரட்டினோம், போலந்தில் காய்ச்சலோடு ஆடினோம், ஹங்கேரியில் பனியில் ரயில் நின்றது. அதெல்லாம் யாரோடு பேசுவது? இந்த ஊரில் எனக்கு அதைப் பேச ஆளில்லை.

வியன்னா விஷயத்தை இப்போது யாரும் பேசுவதில்லை. அதெல்லாம் பழங்கதை. வா.

உன்
டொம்னிகா


நூரம்பெர்க்
21 பிப்ரவரி 1994

மதிப்பிற்குரிய கேப்டன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. இங்கே காகிதத்தைத் தனித் தொட்டியில் போட வேண்டும், அது வீட்டிலிருந்து தூரம்.

வியன்னா விஷயத்தை யாரும் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் பேசாத விஷயத்தை நான் எட்டு வருடம் தினமும் கேட்டேன். ரொட்டிக் கடை வரிசையில் என் முதுகுக்குப் பின்னால், நான் கேட்க வேண்டும் என்றே சொல்வார்கள்: "பதினஞ்சு செகண்டு பந்தைக் கையில வெச்சிருந்தா போதும். ஆனா ஜெர்மன்காரி ஜெர்மன்காரிக்குத்தானே போடுவா?" எதிரணி கிழக்கு ஜெர்மனி. என் குடும்பம் டெல்னிட்சாவில் குடியேறி எழுநூறு வருடமாகிறது. ஒரே ஒரு எறியில் நான் அந்நியக்காரி ஆனேன். எழுபத்தேழில் ஜெர்மனிக்குப் பெட்டியைக் கட்டியபோது, "பாத்தியா, அப்பவே சொன்னோம்ல" என்றார்களாமே. உண்மையா?

நீங்கள் எழுதியதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. எனக்குத் தெரியாத ஒன்றையும் கேட்கிறேன், ஏனென்றால் அப்போது நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

வியன்னாவிலிருந்து வந்த மூன்றாம் நாள் ஆலை கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். மேனேஜர் திரிஃபான், கட்சிக்காரர்கள் இரண்டு பேர், அப்புறம் நீங்கள். என்னை உள்ளே விடவில்லை. முக்கால் மணி நேரம். நீங்கள் வெளியே வந்தபோது என்னைத் தாண்டிப் போனீர்கள். உள்ளே என்ன சொன்னீர்கள்?

அதற்கு பதில் எழுதுங்கள். விழாவுக்கு வருவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஹெட்விக் ஷ்னெல்


டெல்னிட்சா
10 மார்ச் 1994

ஹெடி,

"கேப்டன் அவர்களுக்கு"! நேருக்கு நேர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. 'நீங்கள்' போட்டு எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? தறி ஓரத்தில் ஒரே டப்பாவில் களி தின்றவர்கள் நாம்.

எனக்கும் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். இருபத்தைந்து வருடம் கழித்து ஒருத்தி கை நீட்டினால் இப்படியா போலீஸ் மாதிரி கேள்வி கேட்பது? இரண்டு நாள் பதில் எழுதக் கூடாது என்றிருந்தேன். மூன்றாம் நாள் அலமாரியைக் குடைந்தபோது இந்தப் படம் கிடைத்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். ஹங்கேரியில் அரையிறுதி முடிந்த மறுநாள், எல்லை ஸ்டேஷனில். இடுப்பளவு பனி. ரயில் ஆறு மணி நேரம் நின்றதே, அப்போது எடுத்தது. எல்லோரும் ஆரஞ்சு தின்கிறோம். முந்தின வாரம் வரை நம்மில் பாதிப் பேர் ஆரஞ்சைப் படத்தில்தான் பார்த்திருந்தோம். நீ கழுத்தில் நீலக்கோடு போட்ட துண்டைச் சுற்றிக்கொண்டு ஓரமாக நிற்கிறாய். அந்தத் துண்டு! எந்த மேட்சானாலும் உன் வலையின் பின்பக்கம் தொங்கும். அதைப் பார்த்தாலே எனக்குத் தெம்பு வரும். 'கல்லுளிமங்கி பின்னாடி இருக்கா, நீ ஓடு' என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அன்று நீ எறிந்த எறி ஹங்கேரிக்காரர்களையே கைதட்ட வைத்தது. நீ பந்தைப் பிடித்த சத்தம் கேட்டதும் நான் ஓட ஆரம்பித்துவிடுவேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். இடது ஓரமாக எட்டு எட்டு வைத்துக் கையை நீட்டினால் பந்து வந்து உட்காரும். அப்படி ஒரு ஜோடி இந்த நாட்டிலேயே இல்லை என்று ரேடியோக்காரன் கத்தினானே.

இங்கே ஒரு சண்டை நடக்கிறது, சொல்லாமல் இருந்தால் தப்பு. விழாக் கமிட்டித் தலைவர் யார் தெரியுமா? அதே திரிஃபான்தான். ஆட்சி மாறியது, அரசாங்கம் மாறியது, அந்த ஆளின் நாற்காலி மட்டும் மாறவில்லை. சுவர்ப் படத்தில் கோல்கீப்பர் இடத்தில் மாற்று கோல்கீப்பர் லியாவின் படத்தைப் போடலாம் என்கிறார். "எதுக்கும்மா வீண் பேச்சு? அந்தப் படத்தைப் பாத்தா ஜனங்களுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வரும்" என்றார். "லியா அந்த சீசன்ல ஆடினதே பதினோரு நிமிஷம். அவ படத்தைப் போட்டா என் படத்தையும் கழட்டிடுங்க" என்றேன். மேஜையைத் தட்டிச் சொன்னேன். கை வீங்கிவிட்டது.

உன் கேள்விக்கு வருகிறேன். கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள்: "தோழர் கேப்டன், கோல்கீப்பர் வேணும்னே எறிஞ்சாளா?" நான் சொன்னது: "நான் ஓடிக்கிட்டிருந்தேன். முதுகு அந்தப் பக்கம். நான் எதையும் பாக்கலை." அவ்வளவுதான். உன்மேல் ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. அது உண்மைதானே? நான் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று உனக்கே தெரியும்.

டொம்னிகா


நூரம்பெர்க்
29 மார்ச் 1994

டொம்னிகா,

படத்துக்கு நன்றி. சமையலறையில் மாட்டியிருக்கிறேன். பேரன் வந்தால், "இதில் எது நீ?" என்று கேட்பான், காட்ட வேண்டும்.

ஆரஞ்சு எனக்கு வேறு மாதிரி ஞாபகம். உரித்தால் கை பிசுபிசுக்கும் என்று மோயிசே எனக்குத் தர மறுத்தார். நீதான் உரித்து ஒவ்வொரு சுளையாக என் வாயில் போட்டாய். படத்தில் என் கன்னம் உப்பியிருக்கிறது, பார். கடைசிச் சுளையை ஏமாற்றி நீயே தின்றுவிட்டாய்.

இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை மறுபடி படித்தேன்.

உன் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. சரி. நான் எறிந்ததை நீ பார்த்திருக்க முடியாது. அதற்கு முன்னால், நடுவர் ஏழு மீட்டர் தண்டனை வீச்சுக்கு விசில் ஊதியதும் நீ என்னிடம் ஓடி வந்தாயே. அப்போது உன் முகம் என் பக்கம்தான் இருந்தது. அதைக் கூட்டத்தில் சொன்னாயா?

இதைத்தான் இருபத்தைந்து வருடமாகக் கேட்க நினைத்தேன். எனக்கு வேறு கேள்வி கிடையாது.

ஹெடி


டெல்னிட்சா
17 ஏப்ரல் 1994

ஹெடி,

உன் கடிதம் வந்து ஒன்பது நாள். ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். ஒரு கடிதத்தில் முட்டி வலியைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

சொல்லவில்லை. கூட்டத்திலும் சொல்லவில்லை, பத்திரிகைக்காரனிடமும் சொல்லவில்லை, என் புருஷன் சாகும்வரை அவரிடமும் சொல்லவில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் வாயால் ஒரு தடவை வர வேண்டும்.

ஆட்டம் எட்டுக்கு எட்டு சமம். பதினைந்து விநாடி மிச்சம். அவர்களுடைய அந்த நெட்டைக்காரி நடுவில் புகுந்தாள். நான் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். தப்பு முழுக்க என்னுடையது. நடுவர் ஏழு மீட்டர் கோட்டைக் காட்டினார். அரங்கமே எழுந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கோப்பையை நான் ஒருத்தி தூக்கி அவர்களிடம் கொடுத்துவிட்டேன் என்று தோன்றியது. எட்டு மாதம், எத்தனை ஊர், எத்தனை ரயில், எல்லாம் என் ஒரு இழுப்பில் போச்சு.

உன்னிடம் ஓடி வந்தேன். "ஹெடி, என்னைக் காப்பாத்துடி. எனக்காக இதைப் பிடிடி" என்று அழுதேன். அழுதுகொண்டே உன் இரண்டு கையையும் என் இரண்டு கையால் பிடித்தேன். இறுக்கிப் பிடித்தேன். இடைவேளையில்தான் டப்பாவில் விரலை விட்டு இரண்டு கையிலும் வழித்துத் தடவியிருந்தேன். மோயிசே பெஞ்சிலிருந்து, "கையை விடுடி!" என்று கத்தியது காதில் விழுந்தது. எட்டு மாதம் யாரும் மீறாத சட்டத்தைக் கேப்டன் நானே மீறினேன்.

நீ பிடித்தாய். அந்த நெட்டைக்காரி எறிந்த பந்தை, கடவுளே, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாய். சத்தம் கேட்டதும் எப்போதும் போல ஓடினேன். எட்டு எட்டு வைத்துக் கையை நீட்டினேன். பந்து வரவில்லை. அரங்கத்தில் கூச்சல் கேட்டுத் திரும்பியபோது பந்து நம் வலைக்குள் கிடந்தது. நீ கோட்டருகே நின்று உன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஒட்டிக்கொண்டது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. உன் விரலை விட்டு அரை நொடி தாமதமாகக் கிளம்பி, நேராக அவர்கள் ஆள் காலடியில் விழுந்தது, அவள் எடுத்து நம் வலையில் போட்டுவிட்டாள். ஹேண்ட்பால் ஆடிய எவளும் சொல்லிவிடுவாள்.

ஏன் சொல்லவில்லை? திரிஃபான் எனக்கு இரண்டு அறை வீடு தருவதாகச் சொல்லியிருந்தார், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அது ஒரு காரணம். கட்சிக்காரர்களைப் பார்த்துப் பயம், அது ஒன்று. ஆனால் நிஜக் காரணம் இதை விடக் கேவலம். தோற்றதற்குக் காரணம் நான் என்று ஊர் சொல்வதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். நீ தாங்குவாய் என்று நினைத்தேன். நீதான் கல்லுளிமங்கியாயிற்றே. உன்னை ஜெர்மன்காரி என்று பேச ஆரம்பித்தபோது, இன்று அடங்கும், நாளை அடங்கும் என்று இருந்தேன். அப்புறம் நீ போய்விட்டாய். நீ போனது எனக்கு வசதியாகவும் இருந்தது, ஹெடி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. மே 14 அன்று மைக் என் கையில் இருக்கும். நீ வந்தாலும் வராவிட்டாலும் சொல்வேன்.

டொம்னிகா


டெல்னிட்சா
16 மே 1994

ஹெடி,

உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. தினமும் தபால்காரனை வாசலில் மறித்துக் கேட்டேன். இப்போது என்னைக் கண்டாலே அவன் எதிர்ச் சாரிக்குப் போகிறான். ஆனாலும் நடந்ததை எழுத வேண்டியது என் கடமை.

அரங்கம் நிரம்பி வழிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூங்கொத்தோடு நின்றார்கள், பித்தளை வாத்தியக் கோஷ்டி காதைக் கிழித்தது. சுவரில் உன் படம் உன் இடத்தில் இருக்கிறது. திரிஃபானோடு ஏப்ரல் முழுக்க மல்லுக்கட்டி ஜெயித்தேன்.

பேச்சை எழுதி வைத்திருந்தேன், மேடையில் ஏறியதும் அதை மடித்துப் பையில் போட்டுவிட்டேன். இப்போதைய அணிக்காரிகளிடம் ஒரு பந்து கேட்டு வாங்கினேன். அவர்களுடைய பிசின் வெள்ளை டப்பாவில் வருகிறது, நல்ல வாசம். என் இரண்டு கையிலும் தடவிக்கொண்டேன். துணைமேயர் பக்கத்தில் புது கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். "கையைக் குடுங்க ஐயா" என்றேன். ஏதோ மரியாதை என்று நினைத்து நீட்டினார். நன்றாக இறுக்கிப் பிடித்துவிட்டு, பந்தை அவர் கையில் கொடுத்து, "அதோ அந்தக் கடைசி வரிசைக்கு எறியுங்க" என்றேன். மனுஷன் ராணுவத்தில் இருந்தவர், பலமாகத்தான் எறிந்தார். பந்து அவர் ஷூ மேலேயே விழுந்து உருண்டது. அரங்கமே கொல்லென்று சிரித்தது.

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சொன்னேன்: "வியன்னாவுல நடந்தது இதுதான். ஹெடி கையில பிசினைத் தடவினது நான். ஃபவுல் பண்ணினதும் நான். அவ அந்த வீச்சைப் பிடிச்சா. ஐரோப்பாவுலயே வேற எவளும் பிடிச்சிருக்க மாட்டா. இருபத்தஞ்சு வருஷமா நீங்க திட்ட வேண்டியது என்னை. ஆளை மாத்தித் திட்டிட்டீங்க. நான் வாயை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

முதல் வரிசையில் திரிஃபான் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். மோயிசே சக்கர நாற்காலியில் இருந்தார், எண்பத்திரண்டு வயது, காது கேட்காது. யாரோ அவர் காதில் கத்திச் சொன்னார்கள். அவர் அரங்கம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "நான்தான் அப்பவே கத்தினேனே, கையை விடுடின்னு!" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, ஹெடி. அவரும் சொல்லவில்லை. இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

இன்று காலை ரொட்டிக் கடைக்குப் போனேன். உன்னைப் பேசியவளின் மகள்தான் இப்போது கடை வைத்திருக்கிறாள். ரொட்டியைக் கையில் தராமல் மேஜைமேல் வைத்தாள். வரிசையில் ஒருத்தி என் முதுகுக்குப் பின்னால், "இத்தனை வருஷம் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தா?" என்றாள். நான் கேட்க வேண்டும் என்றேதான் சொன்னாள். நீ எட்டு வருடம் கேட்டதில் நான் ஒரே ஒரு காலை கேட்டேன். வீட்டுக்கு வந்து ரொட்டியைத் தின்ன முடியவில்லை.

இனி எழுத மாட்டேன் என்று நீ முடிவு செய்திருந்தால், அதுவும் நியாயம்தான்.

டொம்னிகா


நூரம்பெர்க்
7 ஜூன் 1994

அன்புள்ள டொம்னிகா,

துணைமேயர் அந்தக் கையைப் புது கோட்டிலேயே துடைத்திருப்பார் என்று நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். அந்தக் கறை போகாது, அவர் மனைவியிடம் சொல்லிவிடு. சூடான வெண்ணெய் தடவிப் பார்க்கலாம்.

ஏப்ரல் கடிதத்துக்கு நான் பதில் எழுதாதது கோபத்தில் இல்லை. நீ சொன்னதற்கு ஈடாக நானும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. நீ ஊர் முன்னால் சொல்லிவிட்டாய். நான் ஒரு காகிதத்தில்கூடச் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

உன் முதல் கடிதத்தில் அப்பாவின் அடக்கத்தைப் பற்றி எழுதியிருந்தாய், சிரிப்பு வருகிறது என்று. எனக்கு வரவில்லை. அம்மா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். வீட்டில் நானும் அப்பாவும்தான். அன்று கல்லறை ஓரத்தில் நான் நிற்க, நீங்கள் ஒவ்வொருத்தியாக வந்து முழங்கையை நீட்டினீர்கள். பதினான்கு முழங்கை. எண்ணினேன். உங்கள்மேல் தப்பில்லை. அரையிறுதி வரப்போகிறது, என் கை சுத்தமாக இருக்க வேண்டும், அது நான் ஏற்றுக்கொண்ட சட்டம்தான். வீட்டுக்குப் போய் அடுப்பெதிரே உட்கார்ந்து என் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். அப்புறம் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். ஆலையில் தறி, அரங்கத்தில் பந்து, வீட்டில் யாருமில்லை. என் கையைத் தொட்டது பந்து மட்டும்தான்.

வியன்னாவில் நீ ஓடி வந்து பிடித்தாய். இரண்டு கையாலும். அப்பா போன பிறகு என் கையைப் பிடித்த முதல் ஆள் நீ.

பிசின் ஒட்டியது எனக்குத் தெரிந்தது, டொம்னிகா. எப்படித் தெரியாமல் இருக்கும்? மோயிசே கத்தியதும் கேட்டது. நீ விலகிப் போனதும் நடுவர் என்னைப் பார்த்தார், தயாரா என்று. துண்டு எனக்குப் பின்னால் வலையில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு எட்டு வைத்தால் போதும். கையை உயர்த்திக் காட்டியிருந்தால் அவர் காத்திருந்திருப்பார். எல்லா மேட்சிலும் அப்படித்தான் துடைப்பேன்.

நான் துடைக்கவில்லை. துடைக்க மனசு வரவில்லை. நீ பிடித்த சூடு கையில் இருந்தது, அதைத் துண்டில் வழித்துப் போட எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். அந்தச் சூட்டோடுதான் பந்தைப் பிடித்தேன். அதனால்தான் பிடித்தேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். பிடித்த சந்தோஷத்தில் பிசின் இருப்பதை மறந்து எறிந்துவிட்டேன்.

ஆகவே பாதித் தப்பு என்னுடையது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. கட்சிக்காரர்களிடம் போய், என் தோழி கையைப் பிடித்தாள், அதனால் துடைக்கவில்லை என்றா சொல்வது? நீ பிசினைப் பற்றிச் சொல்லியிருந்தால், துண்டைப் பற்றி நானும் சொல்லியிருப்பேன். ஒன்றாகத் திட்டு வாங்கியிருக்கலாம்.

இத்தனை வருடம் உன்மேல் எனக்கு இருந்த கோபம் பந்துக்காக இல்லை. ஊர்ப்பேச்சுக்காகக்கூட இல்லை. திரும்பி வரும் ரயிலில் நீ வேறு பெட்டியில் போய் உட்கார்ந்தாய். அதற்காகத்தான். வியன்னாவிலிருந்து எல்லை வரை கண்ணாடிச் சன்னலில் தலையை வைத்துக்கொண்டு, இப்போது வருவாள், இப்போது வருவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கை அப்போதும் பிசுபிசுவென்றுதான் இருந்தது. ஊர் வந்து சேரும்வரை நான் கழுவவில்லை.

மோயிசேக்குத் தனியாக எழுதுகிறேன். திரிஃபானிடம் என் சார்பாக ஒன்றும் சொல்ல வேண்டாம். ரொட்டிக் கடைக்காரி பேசினால் பேசட்டும், தினமும் போய் வாங்கு. ஆறு மாதத்தில் அலுத்துவிடும், எனக்கு அனுபவம் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, சனிக்கிழமை, காலை பதினொன்று நாற்பது ரயிலில் டெல்னிட்சா வருகிறேன். டிக்கெட் வாங்கிவிட்டேன். படத்தைப் பார்க்க வேண்டும், அப்பாவின் கல்லறையைச் சுத்தம் செய்ய வேண்டும். களி செய்து வை.

ஸ்டேஷனுக்கு வா. பிளாட்பாரத்தில் எல்லோர் முன்னாலும் எனக்கு முழங்கையை நீட்டினாயானால், அடுத்த ரயிலிலேயே திரும்பிப் போய்விடுவேன்.

உன்
ஹெடி